மே மாத ஸ்பெஷல் கிளாஸ்: பள்ளிக்கூடம் நடத்தலாமா?

கொளத்தூரில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் மெட்ரிக் பள்ளியில் +1 முடித்துவிட்டான். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே 25 வரை தினமும் காலை 8 மணி முதல் பகல் 1 மணி வரை +2 வகுப்பு உண்டு, அதற்கு 4,500 ரூபாய் கட்ட வேண்டும், 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் அனுப்புகிறோம்' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்கிறது பள்ளி. இவர்களோ தென்காசிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார்கள். "இப்படி நடத்த விதி இருக்கிறதா? அனுப்பாவிட்டால் பையனுக்குப் பாடம் போய்விடுமா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். மாநிலப் பாடத்திட்டத்தில் இயங்கும் பள்ளி கோடை விடுமுறையில் பாடம் நடத்தக்கூடாது. இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து, கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுற்றறிக்கையை வாங்கிக் கோப்பில் போட்டதும் உண்டு, அதை மீறி வகுப்பு நடத்தியதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

விதி என்றதும் ஏதோ ஒரு சட்டத்தில் 'கோடை வகுப்பு கூடாது' என்று ஒரு பிரிவு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்வியாண்டு எப்போது தொடங்கும், கடைசி வேலைநாள் எது, திறப்பு எப்போது என்று நாட்காட்டி போடுகிற அதிகாரம் பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது. அந்த நாட்காட்டியில் விடுமுறை என்றால் விடுமுறைதான். அதற்கு மேல், ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் இயக்ககத்திலிருந்து முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும், அங்கிருந்து பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை வரும்: விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக்கூடாது, மீறினால் நடவடிக்கை. தனியார் பள்ளி என்றால் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 2018இல் இயற்றியது, 2023இல் விதிகள் வந்த பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் கொடுப்பதும் அதைப் பறிப்பதும் அதன் கீழ்தான். பழைய ஆட்கள் 'மெட்ரிக் இயக்ககம்' என்று சொல்வதற்கு இப்போது பெயர் தனியார் பள்ளிகள் இயக்ககம்.

'கடும் நடவடிக்கை' என்று பேப்பரில் வருவதைப் படித்துப் பயந்த தாளாளரை நான் பார்த்ததில்லை. முதலில் வருவது விளக்கம் கேட்டு ஒரு கடிதம். "பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்க, விருப்பமுள்ள மாணவர்களுக்கு மட்டும் ஐயம் தீர்க்கும் வகுப்பு நடத்தினோம், தற்போது நிறுத்திவிட்டோம்" என்று பதில் போகும். பதில் போய்ச் சேரும்போது பள்ளி திறக்கிற தேதியும் வந்திருக்கும். அந்தக் கையெழுத்துத் தாள் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அது உங்களுக்காக இல்லை, இந்தப் பதில் கடிதத்தோடு இணைப்பதற்காக.

சி.பி.எஸ்.இ. கதை வேறு. அவர்களுக்குக் கல்வியாண்டே ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்குகிறது. ஏப்ரல் முழுக்க +2 வகுப்பு நடந்தால் அது ஸ்பெஷல் கிளாஸ் இல்லை, சாதாரண வகுப்பு. அதற்கு முன்னாலேயே சில பள்ளிகள் அடுத்த வகுப்பைத் தொடங்கிவிடுவதைப் பார்த்து, அப்படிச் செய்யக்கூடாது என்று வாரியமே 2023 மார்ச்சில் எழுதியது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சி.பி.எஸ்.இ.யில் ஏப்ரலில் பள்ளிக்குப் போவதைக் காட்டி உங்கள் மெட்ரிக் பள்ளி நியாயம் பேசினால் ஏமாறாதீர்கள். நமக்குக் கல்வியாண்டு ஜூனில் பிறக்கிறது.

விடுமுறை எதற்கு என்றால் வெயில் என்பார்கள். அதுவும் உண்மைதான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அதை அளந்த வானிலை மையம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. கோடை வகுப்பு கூடாது என்று உத்தரவு எழுதுகிற கல்வி இயக்ககங்கள் இருக்கும் வளாகமும், டி.பி.ஐ. என்று நாங்கள் சொல்லிப் பழகியது, இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், அதே சாலையில்தான். 2023இல் ஜூன் 1 திறக்க வேண்டிய பள்ளி ஜூன் 7க்குத் தள்ளிப்போய், அப்புறம் ஆறாம் வகுப்புக்கு மேல் 12ஆம் தேதியும் சின்னப் பிள்ளைகளுக்கு 14ஆம் தேதியும் என்று ஆனது. 2024இல் ஜூன் 6 என்றது 10 ஆனது. திறக்கிற தேதியையே வெயிலுக்காகத் தள்ளுகிற ஊரில், கத்திரி உச்சத்தில் வகுப்பு நடத்துவது என்ன கணக்கு?

ஆனால் வெயிலை விட முக்கியமான காரணம் +1. உங்கள் கேள்வியே அதைச் சுற்றித்தான் இருக்கிறது. பல தனியார் பள்ளிகளில் +1 பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் +2 பாடத்தையே உருப்போட வைப்பது வழக்கமாக இருந்தது. மார்க் வந்தது. ஆனால் கல்லூரியில் முதல் செமஸ்டரிலும் நுழைவுத் தேர்வுகளிலும் பிள்ளைகள் விழுந்தார்கள், ஏனென்றால் அடிப்படை எல்லாம் +1 புத்தகத்தில் இருக்கிறது. இதைத் தடுக்கத்தான் 2017இல் +1க்கும் பொதுத் தேர்வு என்று அரசு அறிவித்து, 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியதும் அதே 2017இல்தான். பள்ளி வாசலில் பிளெக்ஸ் வைப்பதை யாரும் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது +1 பொதுத் தேர்வு இனி இல்லை என்றார்கள். பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்க என்பது காரணம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பூட்டைக் கழற்றினால் கதவு திறக்கும். இனிமேல் +2 வகுப்பு ஏப்ரலில் தொடங்கும், அப்புறம் ஜனவரியில் தொடங்கும், அப்புறம் தீபாவளிக்கே தொடங்கும். கோடை வகுப்பு அந்தச் சரிவின் முதல் படி.

இப்போது அந்த 'விருப்பம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். முப்பது வருஷம் பார்த்த பிறகு எனக்கு ஒரே ஒரு சோதனைதான் தேவைப்படுகிறது: வகுப்பில் புதுப் பாடம் நடக்கிறதா? நடந்தால் அது விருப்ப வகுப்பே இல்லை, எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. ஏன் என்றால், மே மாதம் +2 கணக்கில் அணிகள் பாடத்தை முடித்துவிட்டு ஜூனில் கலப்பெண்களில் தொடங்கினால், வராத பிள்ளைக்கு முதல் அத்தியாயம் இல்லை. "அதான் மேயிலேயே நடத்திட்டோமே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவன் நண்பனின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும். வராமல் இருப்பதற்குத் தண்டனை உண்டு என்றால் வருவது எப்படி விருப்பம் ஆகும்? மாறாக, பழைய பாடத்தில் பின்தங்கிய நாலு பிள்ளைகளை உட்காரவைத்துப் பின்னமும் குறியும் சொல்லிக்கொடுத்தால், வராதவனுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அதை விருப்ப வகுப்பு என்று ஒப்புக்கொள்வேன்.

இதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்றால், தப்புச் செய்துதான். தலைமையாசிரியரான இரண்டாவது வருஷம், பத்தாம் வகுப்புக்கு நானே மே மாத வகுப்பு வைத்தேன். காசு வாங்கவில்லை என்பதால் பெரிய புண்ணியம் செய்கிற நினைப்பு. இரண்டாம் மாடியில் தகரக் கூரை போட்ட அறை. ஒரு காலத்தில் அது கீற்றுக் கொட்டகை, கீழே நின்றால் குளுகுளு என்றிருக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகு கீற்றுக்கு இடமில்லை என்று ஆனது, ஆகத்தான் வேண்டும். ஆனால் பணம் இல்லாத பள்ளிகளில் கீற்று போன இடத்தில் தகரம் வந்தது. மே மாதம் பத்தரை மணிக்கு மேல் அந்தத் தகரத்தின் கீழே ஃபேன் சுற்றினால் வருவது காற்று இல்லை, அனல்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ ஒரு பெண் மயங்கி விழுந்தது. தண்ணீர் தெளித்துக் கீழே தூக்கி வந்து, காலையில் சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா என்று கேட்டோம். பதில் இல்லை. டீச்சர் ஒருவர் அந்தப் பெண்ணின் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். கழுத்து வரைக்கும் தண்ணீர் அப்படியே இருந்தது. பக்கத்து பெஞ்சு பாட்டிலும் அப்படியே. அதற்கு அடுத்ததும். பெண் பிள்ளைகள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. விடுமுறை என்பதால் ஆயாம்மா ஊருக்குப் போயிருந்தார், பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேனிடம் போய்ச் சாவி கேட்க எந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மனம் வரும்? நாலைந்து நாளாக அந்தப் பிள்ளைகள் காலை ஏழு மணியிலிருந்து வீடு திரும்பும் வரை தொண்டையை நனைக்காமல் இருந்திருக்கிறார்கள். பாடத்திட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நான் தினமும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே வகுப்பை நிறுத்தினேன்.

அதனால்தான் சொல்கிறேன், பள்ளி என்பது நான்கு சுவரும் ஒரு வாத்தியாரும் மட்டும் இல்லை. ஆயா, தண்ணீர், கழிப்பறை, அலுவலகத்தில் ஒரு எழுத்தர், பெற்றோரின் போன் நம்பர், பஸ் எல்லாம் சேர்ந்ததுதான். விடுமுறையில் இவை எல்லாவற்றுக்கும் விடுமுறை. பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி வாகனங்களுக்கென்று 2012இல் மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அந்த வருஷம் சேலையூர் பள்ளி ஒன்றின் பஸ் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த வண்டிகளைப் போக்குவரத்து அலுவலர்களும் போலீசும் வரிசையாக நிறுத்திப் படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்பான் எல்லாம் பார்ப்பது பெரும்பாலும் மே மாதத்தில், திறப்புக்கு முன்னால். ஸ்பெஷல் கிளாஸ் பிள்ளைகள் அப்போது எதில் வருகிறார்கள்? ஷேர் ஆட்டோவில், அண்ணனின் பைக்கில், மாநகரப் பேருந்தில். இலவசப் பயண அட்டை அந்த நாட்களில் ஓடுமா என்று கண்டக்டரோடு ஒரு தகராறு வேறு.

பணத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தப்பு. கோடை வகுப்புக் கட்டணம் என்று தனியாக ஒன்று வாங்க அதில் இடம் கிடையாது. ஆகவேதான் உங்களிடம் கேட்கும் 4,500க்கு அந்தப் பெயரில் ரசீது கிடைக்காது. 'மெட்டீரியல்', 'டெஸ்ட் சீரிஸ்', 'ரெஃப்ரெஷ்மெண்ட்' என்று ஏதாவது இருக்கும், இல்லையென்றால் வெளியாள் ஒருவரின் கோச்சிங் சென்டர் பெயரில் இருக்கும். "சார், எந்தத் தலைப்பில் ரசீது போடுவீங்க?" என்று அலுவலகத்தில் பொறுமையாக ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கட்டணம் அந்த இடத்திலேயே கரைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

கோச்சிங் என்று பெயர் மாற்றினால் தப்பித்துவிடலாம் என்பதும் முழுக்கச் சரியில்லை. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழே சேர்க்கக்கூடாது, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் அல்ல, வழிகாட்டுதல்தான். ஆனாலும் பேசும்போது கையில் ஒரு அளவுகோல் இருக்கும்.

சரி, கோடையில் எதுவுமே கூடாதா? அப்படிச் சொன்னால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். பத்தாவதிலும் +2விலும் தோற்ற பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது கிடையாது. 2025இல் +2 முடிவு மே 8ஆம் தேதி வந்தது, துணைத் தேர்வு ஜூன் 25இல் தொடங்கியது. ஏழு வாரம்கூட முழுசாக இல்லை. அதில் பாதிக்கு மேல் விடுமுறை. அந்தப் பிள்ளையை வீட்டில் திட்டுவார்கள், தெருவில் கேட்பார்கள், டியூஷனுக்குக் கொடுக்கக் காசு இருக்காது. அவனைக் கூப்பிட்டு ஒரு பாடத்தில் தேறவைத்தால் ஒரு வருஷம் மிச்சம், சில பேருக்கு அத்தோடு படிப்பே மிச்சம். இந்த வகுப்பை அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் எந்தச் சத்தமும் இல்லாமல் செய்கிறார்கள். நீட் எழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சியும் இதே வெயிலில்தான் நடக்கிறது, தேர்வே மே முதல் வாரத்தில் இருப்பதால் வேறு வழியில்லை. இவற்றையும் 4,500 ரூபாய் வகுப்பையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட வகுப்பை யாராவது ஒரு தலைமையாசிரியர் நடத்த நினைத்து என்னிடம் கேட்டால், கீழ்த்தள அறையாகப் பாருங்கள், பத்தரைக்கு மேல் யாரையும் உட்காரவைக்காதீர்கள் என்பேன். முதல் ஆளாக ஆயாம்மாவைக் கூப்பிட்டு அவருக்கான கூலியை முதலில் எடுத்து வையுங்கள். ஒரு பெண் ஆசிரியராவது முழு நேரமும் இருக்கட்டும். ஆண் ஆசிரியர் ஒருவர் மட்டும் பூட்டிய பள்ளியில் நாலைந்து பிள்ளைகளோடு இருப்பது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. யார் வந்தார், எப்போது போனார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், ரகசியமாக நடத்தும்போதுதான் முன்கேட்டைச் சாத்திவிட்டுப் பின்கேட் வழியாகப் பிள்ளைகளை விடவேண்டி வருகிறது. யூனிஃபார்ம் போடாமல் வா என்று பிள்ளையிடம் சொல்கிற நிமிஷத்திலேயே, நாம் தப்புச் செய்கிறோம் என்று அதற்குப் பாடம் நடத்திவிட்டோம்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம், அது முடிந்ததும் இந்த வகுப்பு. அரசு, உதவி பெறும் பள்ளிகளில் உத்தரவின் பேரில் விடுமுறையில் வேலை பார்த்தால் ஈட்டிய விடுப்பாவது கணக்கில் சேரும். தனியார் பள்ளியில் மே மாதச் சம்பளமே தராத இடங்கள் உண்டு, அங்கே ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தால்தான் கையில் ஏதாவது வரும். உங்கள் பையனின் கெமிஸ்ட்ரி மிஸ் சிரித்த முகத்தோடு வகுப்பெடுத்தால் அது விருப்பம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கோபமாகப் போய்ச் சண்டையும் போடாதீர்கள், இன்னும் ஒரு வருஷம் பையன் அங்கேதான் படிக்க வேண்டும். ஒரு கடிதம் கொடுங்கள். 'பப்ளிக் எக்ஸாம் வருஷம், ரிஸ்க் எடுக்காதீங்க' என்பார்கள். அந்தப் பேச்சுக்கு அசையாதவர் இல்லை, எனக்குத் தெரியும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது, தனி ஆளாக நிற்க வேண்டாம். அதற்கும் மசியவில்லை, டி.சி. அது இது என்று பேசுகிறார்கள் என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லலாம், பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் பள்ளியின் பெயரும் வகுப்பு நடக்கும் நேரமும் சொன்னால் போதும். எழுத்தில் கொடுப்பதானால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. கொளத்தூர் என்றால் சென்னை மாவட்டம். இதைப் படிக்கிற வேறு யாராவது தாம்பரத்தில் இருந்தால் செங்கல்பட்டுக்கும், ஆவடி என்றால் திருவள்ளூருக்கும் எழுத வேண்டும். சென்னை அலுவலகத்துக்கு எழுதினால் அந்த மனு பயணம் செய்தே ஜூன் வந்துவிடும்.

பாடம் போய்விடுமே என்ற பயத்துக்கு: +2 கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள். அரசு இணையதளத்தில் புத்தகம் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் கிடக்கின்றன. தென்காசியில் காலையில் ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் உட்கார்ந்தால் அந்த அத்தியாயம் முடியும். அதைவிட நல்லது, +1 புத்தகத்தில் முக்கோணவியலும் வகையிடலும் அவனுக்கு உண்மையிலேயே புரிந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் அதை ஓட்டமாக ஓட்டியிருப்பார்கள்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பள்ளியில் +2 செல்லும் என் மகன் கோடை விடுமுறையில் குடும்பத்துடன் வெளியூர் செல்வதால் மே மாத வகுப்புகளுக்கு வர இயலாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் தவறாமல் வருவான். விடுமுறை நாட்களில் புதிய பாடம் நடத்தப்படுமானால், எந்தெந்தப் பாடங்கள் என்பதையும், அவை பள்ளி திறந்த பின் மீண்டும் எப்போது நடத்தப்படும் என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிக்கு எழுத்தில் பதில் வராது. வராததுதான் உங்களுக்குப் பாதுகாப்பு, 'அதான் மேயிலேயே நடத்திட்டோமே' என்று அப்புறம் சொல்ல முடியாது. இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.